கேள்வி – பதில்: தீவு கோளாக மாறியபோது

பழைய அறிவியல் புனைகதைப் படங்களுள் ஒன்றே ஒன்றைப் பார்க்க நேரமிருந்தால் எதைப் பார்க்கலாம் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். 1956ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஃபர்பிடன் பிளானட்’ படத்தைப் பாருங்கள் என்றும், ஷேக்ஸ்பியரின் ‘த டெம்பெஸ்ட்’ நாடகத்தை மிகவும் தளர்வாகத் தழுவிய படம் அது என்றும் இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிகளுக்குத் தமிழக–கேரள எல்லையின் இருபுறமிருந்தும் வந்து சேர்ந்த கடிதங்களைப் படித்தபின், இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அந்த ஒரு படத்துக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, தங்கள் பதிலைப் பார்த்துவிட்டு என் மகனின் மடிக்கணினியில் அந்தப் படத்தைப் பார்த்தேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் பி.ஏ. வகுப்பில் ‘டெம்பெஸ்ட்’ எனக்குப் பாடநூலாக இருந்தது. படம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆனால் எங்கள் பள்ளியின் மலையாள ஆசிரியர், “இதில் புயலும் இல்லை, கடலும் இல்லை, நாடகத்தின் வசனம் ஒரு வரிகூட இல்லை, இதைத் தழுவல் என்று சொல்லி ரசிப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது” என்கிறார். படத்தின் பெயர்ப்பட்டியலிலும் ஷேக்ஸ்பியர் பெயரைக் காணோம். அப்படியென்றால் நான் ரசித்தது எதை?
– தமிழ்வழிப் பள்ளி ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை

தங்களின் கடைசி வாக்கியம் நல்ல கேள்வி. அதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன். படத்தையோ நாடகத்தையோ அறியாத வாசகர்களுக்காக முதலில் இரண்டு கதைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நாடகத்தில் புரோஸ்பெரோ மிலான் நாட்டின் பிரபு. ஆட்சியைத் தம்பியிடம் விட்டுவிட்டு நூல்களிலேயே மூழ்கிக் கிடந்தவர். தம்பி அவரைக் கவிழ்த்துவிட, மூன்று வயதும் நிரம்பாத மகள் மிராண்டாவுடன் படகில் ஏற்றிக் கடலில் விடப்படுகிறார். ஒதுங்கிய தீவில் மந்திர நூல்களின் வலிமையால் ஏரியல் என்னும் காற்றுருவத்தையும், அத்தீவிலேயே பிறந்த காலிபனையும் ஏவலராக்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிக்கிறார். பகைவர்களின் கப்பல் அருகே வரும்போது புயலை எழுப்பி அவர்களைத் தம் தீவுக்கு இழுத்து வருகிறார். படத்தில் தீவு இருக்கும் இடத்தில் ஆல்டேர்-4 என்னும் கோள் இருக்கிறது. அங்கே இருபது ஆண்டுகளுக்கு முன் வந்திறங்கிய விண்கலத்தில் உயிர் பிழைத்தவர் மோர்பியஸ் என்னும் அறிஞர் ஒருவரே. அவருக்கு ஆல்டேரா என்று ஒரு மகள், ராபி என்று ஒரு ரோபோ. காணாமற்போனவர்களைத் தேடி ஒரு மீட்புக் கலம் வருகிறது. இறங்காதீர்கள், திரும்பிப் போய்விடுங்கள் என்று மோர்பியஸ் வானொலியில் எச்சரிக்கிறார்.

இந்த எச்சரிக்கையைக் கவனியுங்கள். புரோஸ்பெரோ கப்பலை வரவழைக்கிறார்; மோர்பியஸ் கலத்தைத் தடுக்கிறார். புயல் இல்லை என்று தங்கள் நண்பர் குறைபட்டுக்கொள்ளும் இடத்தில்தான் தழுவல் தன் வேலையைத் தொடங்குகிறது. நாடகம் தெரிந்த ஒருவருக்கு, வரவேற்க வேண்டிய மனிதர் ஏன் விரட்டுகிறார் என்ற ஐயம் முதல் பத்து நிமிடத்திலேயே எழுந்துவிடும். நாடகம் தெரியாதவரும் அக்காட்சியில் பதற்றம் கொள்வார். ஆனால் தெரிந்தவருக்குக் கிடைப்பது இரட்டைப் பதற்றம்.

பெயர்ப்பட்டியலில் கவிஞரின் பெயர் இல்லை என்பது உண்மைதான். கதை என்ற இடத்தில் இர்விங் பிளாக், ஆலன் ஆட்லர் ஆகிய இருவரின் பெயர்களும், திரைக்கதை என்ற இடத்தில் சிரில் ஹ்யூம் பெயரும் வருகின்றன. ஆனாலும் கடன் வாங்கியது எங்கே என்று தேட வேண்டிய தேவையே இல்லை. நாடகத்தில் குடிகார ஸ்டெபானோவும் அவன் தோழனும் காலிபனுக்கு மது ஊற்றிக் கொடுத்துக் கூத்தடிக்கிறார்கள். படத்தில் விண்கலத்தின் சமையற்காரர் ஒரு மிடறு விஸ்கியை மாதிரியாகக் கொடுத்து, அதே சரக்கு வேண்டும் என்று ராபியிடம் கேட்கிறார். அறுபது காலன் போதுமா என்று ராபி பணிவோடு கேட்கிறது. இதைத் தற்செயல் என்று யார் சொல்ல முடியும்?

இனி, தழுவல் என்ற சொல்லுக்கு வருகிறேன். இந்த எல்லைப் பகுதியில் வாழும் நமக்கு, மூலத்தை விட்டு விலகிய தழுவல் என்பது வெளியிலிருந்து வந்த சரக்கன்று. ஆலப்புழையில் 1855இல் பிறந்து, திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை, லிட்டன் பிரபுவின் ‘இரகசிய வழி’ என்னும் ஆங்கிலக் கதைக்கவிதையைத் தழுவி 1891இல் ‘மனோன்மணீயம்’ நாடகத்தை வெளியிட்டார். அந்த ஆங்கிலக் கதையில் நாஞ்சில் நாடு ஏது? பாண்டியன் சீவகனும் சேரன் புருடோத்தமனும் ஏது? நெல்லையும் நாஞ்சில் நாட்டு வழக்கும் முழுக்க முழுக்கத் தமிழ் மண்ணிலிருந்து வந்தவை. லிட்டனிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஒரு சுரங்கவழியையும் அதைச் சுற்றிய கதை முடிச்சையும்தான். அந்த நூலின் தொடக்கத்தில் உள்ள ‘நீராருங் கடலுடுத்த’ பாடலைத்தான் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நாள்தோறும் எழுந்து நின்று பாடுகிறார்கள். ஒரு தளர்வான தழுவலின் வாசற்படியில் பிறந்த பாட்டு அது.

இன்னும் பின்னால் போனால் கம்பர் நிற்கிறார். வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பரோ, அவள் இருந்த குடிலை நிலத்தோடு பெயர்த்தெடுத்துப் போனதாகப் பாடினார். இரணியன் வதைப் படலத்தை வான்மீகத்தில் தேடினால் கிடைக்காது. அந்தக் கம்பரும் மலை தாண்டி இங்கே வந்தபோது அப்படியே இருந்துவிடவில்லை. பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் தோல்பாவைக்கூத்துப் புலவர்கள் கம்பர் பாடலைத் தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு தமிழும் மலையாளமும் கலந்த பேச்சில் அந்த ஒரு பாடலைப் பிரித்துப் பிரித்து, கேள்வி கேட்டு, மறுத்து, கிளைக்கதை சொல்லி, இரவைக் கழிக்கிறார்கள். பத்ரகாளி தாருகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராம இராவணப் போரைப் பார்க்க முடியாமல் போயிற்றென்றும், அவள் பார்ப்பதற்காகவே இந்தக் கூத்து என்றும் சொல்வார்கள். தங்கள் மலையாள ஆசிரியர் நண்பரை ஒரு முறை கூத்துமாடத்துக்கு அழைத்துச் சென்று, இது கம்பராமாயணமா இல்லையா என்று கேட்டுப் பாருங்கள். அவரும் தாங்களும் ஒரே திரைக்கு முன் உட்கார்ந்து பேசிக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

ஷேக்ஸ்பியரும் இதே வேலையைச் செய்தவர்தான். 1609இல் பெர்முடா தீவருகே ‘சீ வென்ச்சர்’ என்னும் கப்பல் புயலில் சிக்கிய செய்தி அப்போது இலண்டனில் பேச்சாக இருந்தது. புரோஸ்பெரோ தன் மந்திரத்தைத் துறக்கும் புகழ்பெற்ற உரை, ஓவிட் என்னும் உரோமானியக் கவி மெடியா என்னும் சூனியக்காரியின் வாயில் வைத்த பேச்சைப் பின்பற்றியது. சூனியக்காரியின் சொற்களை எடுத்து நல்லவராகிய ஒரு தந்தையின் வாயில் வைத்தாரே, அதைவிடத் தளர்வான தழுவல் வேண்டுமா?

சரி, தாங்கள் ரசித்தது எதை? என் பதில் இது. நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில் காலிபனைச் சுட்டி, இருளின் பிறவியாகிய இவன் என்னுடையவன் என்று ஒப்புக்கொள்கிறேன் என்று புரோஸ்பெரோ ஒரு வரி சொல்கிறார். மேடையில் அது அரை நொடியில் கடந்து போய்விடும். என் அடிமை என்ற பொருளில் சொன்னாரா, என் குற்றம் என்ற பொருளில் சொன்னாரா என்று நாடகம் விளக்குவதில்லை. படத்தை எடுத்தவர்கள் அந்த அரை நொடியைப் பிடித்து, அதிலிருந்து முழுப் படத்தையும் விரித்தார்கள் என்றே நான் படிக்கிறேன். படத்தில் காலிபன் என்று தனியாக ஓர் ஆள் கிடையாது. அந்தக் கோளில் இரண்டு இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து, ஒரே இரவில் அழிந்துபோன கிரெல் என்னும் இனம், எண்ணியதை எண்ணியவாறே பொருளாக்கித் தரும் இயந்திரம் ஒன்றைக் கட்டி வைத்திருந்தது. கருவியே தேவைப்படாத வாழ்வை அடைய நினைத்த அவர்கள், தங்கள் அடிமனத்தில் கிடந்த வெறுப்பையும் காமத்தையும் மறந்துவிட்டார்கள். இயந்திரம் அவற்றுக்கும் உடல் கொடுத்தது. அதே இயந்திரத்தோடு மூளையைப் பிணைத்துக்கொண்ட மோர்பியஸின் உறக்கத்திலிருந்து, அவர் அறியாமலேயே, கண்ணுக்குத் தெரியாத விலங்கு ஒன்று புறப்பட்டு வருகிறது. புரோஸ்பெரோவின் காவலில் இருந்த காலிபன் இங்கே புரோஸ்பெரோவின் உள்ளேயே குடியிருக்கிறான். தாங்கள் ரசித்தது அந்த இடப்பெயர்ச்சியை.

இதை முதன்முதலாக நான் பார்த்த இரவைச் சொல்கிறேன். பாலக்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தின் திறந்த முற்றத்தில், ஒரு திரைப்படச் சங்கத்தினர் 16 எம்.எம். சுருளில் காட்டினார்கள். தை மாதம், கணவாய்க் காற்று இரவெல்லாம் வீசும் பருவம். இரண்டு மூங்கில்களுக்கு இடையே கட்டியிருந்த வெள்ளைத் துணி புடைப்பதும் தளர்வதுமாக இருந்தது. விண்கலத்தின் ஏணிப்படியில் எவரும் இல்லை. ஆனால் படிகள் ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கி வளைகின்றன. ஏதோ ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறது. இருளில் உருமாறி வந்து ஆளைக் கொல்லும் ஒடியன் கதைகளைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு மின்வேலியிலும் துப்பாக்கிகளின் ஒளிக்கற்றையிலும் சிக்கும்போது மட்டும் அந்த விலங்கின் புறக்கோடு செந்நிறத்தில் தெரிகிறது. டிஸ்னி நிறுவனத்திலிருந்து இரவலாக வந்த ஜோஷுவா மீடர் என்னும் ஓவியர் வரைந்த கோடு அது. துணி காற்றில் புடைக்க, அந்தக் கோடும் மூச்சு வாங்குவதுபோல் புடைத்தது. அதற்கு அடுத்த மாதம் கூத்துமாடத்தில் இருபத்தொரு விளக்குகளின் ஒளியில் திரைத்துணி அசைய, இராவணனின் நிழலும் அதேபோல் மூச்சு வாங்கக் கண்டேன்.

கேள்வி: எங்களைப் போன்றவர்களுக்கு ஷேக்ஸ்பியரின் ஆங்கிலம் எட்டாது. முதலில் நாடகத்தைப் படித்துவிட்டுத்தான் படம் பார்க்க வேண்டுமா?
– தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகன், தேவிகுளம்

வேண்டாம். முதலில் படத்தைப் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். பிறகு நாடகத்தின் கதைச்சுருக்கத்தைத் தமிழிலோ மலையாளத்திலோ படியுங்கள். அதன்பின் முதல் அங்கத்தின் இரண்டாம் காட்சியை மட்டும் ஆங்கிலத்தில் ஓர் ஆசிரியரோடு உட்கார்ந்து மெதுவாகப் படித்துப் பாருங்கள். ஆள் யார், உறவு என்ன, கோபம் எதற்கு என்று முன்பே தெரிந்திருப்பதால் பழைய ஆங்கிலம் பாதிக்கு மேல் வழிவிடும்.

கேள்வி: நான் நாகசுரம் வாசிப்பவன். இந்தப் படத்தில் பாட்டுமில்லை, வாத்தியமுமில்லை. கொதிப்பதுபோலவும் விசும்புவதுபோலவும் ஒலிகள் மட்டும் வருகின்றன. இதை இசை என்று ஏற்கலாமா?
– நகரி, ஆந்திரம்

இதே கேள்வியை அன்றே எழுப்பியிருக்கிறார்கள். லூயி பேரன், பீபி பேரன் என்னும் நியூயார்க் தம்பதியர் இந்த ஒலிகளை உருவாக்கினார்கள். உயிரினங்களும் இயந்திரங்களும் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ளும் முறையைப் பற்றி நார்பர்ட் வீனர் 1948இல் எழுதிய ‘சைபர்னெட்டிக்ஸ்’ நூலைப் படித்து, உயிரினங்களைப் போல நடந்துகொள்ளும் மின்சுற்றுகளை அவர்கள் கையால் கட்டினார்கள். அளவுக்கு மீறி மின்சாரம் செலுத்தும்போது அந்தச் சுற்று துடித்து, அலறி, சில சமயம் கருகியே போய்விடும். கருகிய சுற்றை மறுபடி கட்டினாலும் அதே ஒலி திரும்ப வராது. அந்தத் துடிப்பையெல்லாம் காந்த நாடாவில் பதிவு செய்து, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், வெட்டியும் ஒட்டியும் படத்துக்குத் தந்தார்கள். முழுநீளத் திரைப்படம் ஒன்றுக்கு முழுவதும் மின்னணு ஒலியே அமைந்தது அதுவே முதல்முறை. இசைக்கலைஞர் சங்கத்தோடு சிக்கல் வரும் என்ற அச்சத்தால் பெயர்ப்பட்டியலில் ‘இசை’ என்று போடாமல் ‘மின்னணு ஒலிநயங்கள்’ என்ற பொருளில் போட்டார்கள்.

தாங்கள் காற்றைக் கருவிக்குள் செலுத்தி உயிரூட்டுபவர் என்பதால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தில் அந்தத் தீவு எப்போதும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. இந்தத் தீவு முழுவதும் ஓசைகள்தாம், அவை இன்பம் தருமே தவிரத் துன்பம் செய்யா, பயப்படாதே என்று ஸ்டெபானோவிடம் சொல்பவன் காலிபன்தான். கொடியவன் என்று பெயர் வாங்கியவனுக்கே அந்நாடகத்தின் இனிமையான வரிகளுள் சிலவற்றைக் கவிஞர் கொடுத்திருக்கிறார். பேரன் தம்பதியரின் ஒலிகளில் எது கோளின் காற்று, எது இயந்திரம், எது விலங்கின் காலடி, எது பின்னணி இசை என்று பிரித்தறிய முடியாது. எல்லாம் ஒரே குரல்வளையிலிருந்து வருவனபோல் இருக்கும். வசனத்தில் விட்டுப்போன காலிபனின் ஓசைத் தீவு காதுவழியே திரும்பி வந்துவிட்டது. இசைதான் என்று நான் தயக்கமில்லாமல் சொல்வேன். காதில் கேட்பொறி மாட்டிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, ஒருமுறை மறுபடி கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: படத்தில் அந்தப் பெண்ணை நடத்தும் விதம் எனக்குக் கோபத்தையே தந்தது. வந்திறங்கிய ஆண்கள் அவளைச் சுற்றி வருவதும், அவள் உடுத்தும் உடைக்காகத் தலைவரே அவளைக் கண்டிப்பதும்... இதையும் ரசிக்க வேண்டுமா?
– கல்லூரி மாணவி, செங்கோட்டை

வேண்டாம் அம்மா. தங்கள் கோபம் நியாயமானது. 1956இல் எடுத்த படம் என்று சொல்லி நான் அதை மூடி மறைக்க மாட்டேன். ஏனென்றால் அதற்கு 345 ஆண்டுகள் மூத்த நாடகம், 1611இலேயே அரசவையில் நடிக்கப்பட்டுவிட்ட நாடகம், இந்தப் பெண்ணுக்கு அதிக மரியாதை தந்திருக்கிறது. நாடகத்தில் புரோஸ்பெரோ இளவரசன் பெர்டினாண்டை விறகு சுமக்க வைக்கிறார். அதைக் கண்ட மிராண்டா, நீ உட்கார், அந்தக் கட்டைகளை நான் சுமக்கிறேன் என்கிறாள். பிறகு அவளே முன்வந்து, நீ மணந்துகொள்வாயானால் நான் உன் மனைவி என்று நேருக்கு நேர் சொல்கிறாள். படத்தின் ஆல்டேராவுக்கு அப்படி ஒரு வாய்ப்பு தரப்படவில்லை. முத்தம் என்றால் என்னவென்று ஓர் அதிகாரி அவளுக்குப் பாடம் நடத்தும் காட்சி இன்று பார்க்கக் கூசுகிறது.

ஒரே ஒரு காட்சியை மட்டும் தங்களுக்குச் சுட்டிக் காட்டுவேன். ஆல்டேராவின் தோட்டத்தில் ஒரு புலி இருக்கிறது. நாய்க்குட்டியைப் போல அவள் காலடியில் கிடக்கும். அவள் மீட்புக் கலத்தின் தலைவரான கமாண்டர் ஆடம்ஸை முத்தமிட்ட உடனே அதே புலி அவள்மேல் பாய்கிறது. ஆடம்ஸ் துப்பாக்கியால் அதை ஒளியாக்கி மறைத்துவிடுகிறார். அவள், ஏன் என்னை அதற்கு அடையாளம் தெரியவில்லை என்று கேட்டு நிற்கிறாள். தந்தையின் உலகத்தை விட்டு வெளியேறும் பெண்ணுக்கு அந்த உலகம் செலுத்தச் சொல்லும் விலை அது. ஒரு வரி விளக்கமும் இல்லாமல் அதைச் சொன்னவர்கள், மற்ற இடங்களில் அவளை ஏன் பொம்மையாக்கினார்கள் என்ற வருத்தம் எனக்கும் உண்டு.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன். ‘டெம்பெஸ்ட்’ மன்னிப்பின் நாடகம். பகைவர்கள் கைக்குள் வந்தபின்னும் பழிவாங்காமல் மன்னிக்கிறார் புரோஸ்பெரோ. மந்திரக்கோலை முறித்து, நூலைக் கடலில் மூழ்கடித்துவிட்டு ஊர் திரும்புகிறார். படத்திலோ மோர்பியஸ் மடிகிறார், கோளே வெடித்துச் சிதறுகிறது. மன்னிப்பை எடுத்துவிட்ட பின் எதைத் தழுவினார்கள்? மண்ணின் மைந்தனாகிய காலிபனின் நியாயத்தையும் தொலைத்துவிட்டார்களே?
– மார்த்தாண்டம்

தங்கள் கேள்வியில் இரண்டு வழக்குகள் இருக்கின்றன. இரண்டாவதில் படத்துக்காக வாதாட எனக்கு மனம் வரவில்லை. இந்தத் தீவு என்னுடையது, என் தாய் சிகோராக்ஸ் வழியாக எனக்கு வந்தது, நீ பறித்துக்கொண்டாய் என்று காலிபன் புரோஸ்பெரோவின் முகத்துக்கு நேரே சொல்கிறான். அட்டப்பாடியில் நிலமிழந்த பழங்குடிகளின் கதையைக் கேட்டவர் எவரும் அந்த வரிகளைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. படத்தில் கோளுக்கு உரியவர்களான கிரெல் இனம் எப்போதோ அழிந்துவிட்டது. எனவே உரிமை கேட்க யாருமில்லை. காலிபனை ஒரு வெள்ளையரின் அடிமனமாக மாற்றியதில் ஓர் ஆழம் கிடைத்தது. ஒரு குரல் தொலைந்தது. அந்தக் குரலை மார்த்தினிக் தீவின் கவிஞர் எமே செசேர் 1969இல் தம்முடைய மறுபடைப்பில் மீட்டெடுத்தார். அங்கே காலிபன் ஒரு கறுப்பின அடிமையாக நின்று விடுதலை கேட்கிறான். ஏரியலுக்கு நேர்ந்ததும் இத்தகைய இழப்புதான். என்னை எப்போது விடுவிப்பாய் என்று ஏரியல் கேட்டுக்கொண்டே இருக்கும். ராபிக்கு அந்த ஏக்கம் இல்லை; முதலாளி மாறினாலும் கடைசியில் கலத்தை ஓட்டும் இருக்கையில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் முதல் வழக்கில் படத்தின் பக்கம் நிற்பேன். புரோஸ்பெரோ மன்னிக்க வேண்டியவர்கள் பிறர்: தம்பி, நேப்பிள்ஸ் மன்னர், உடன்போன சதிகாரர்கள். மோர்பியஸுக்குத் தீங்கிழைத்தவர் எவருமில்லை. உடன்வந்தவர்கள் பூமிக்குத் திரும்பிவிடலாம் என்று முடிவெடுத்தபோது, தங்கியிருக்க விரும்பிய அவருடைய அடிமனமே அவர்களைக் கிழித்தெறிந்தது. மன்னிக்கப்பட வேண்டியவர் அவரே என்றால், மன்னிப்பவர் யார்? அந்த இடத்தில் கதை முடிந்தபடிதான் முடிய முடியும். அணுகுண்டு விழுந்து பதினோரு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். நூலைக் கடலில் எறிந்துவிட்டால் அறிவின் ஆபத்து தீர்ந்துவிடும் என்று 1611இல் நம்ப முடிந்தது. 9,200 அணு உலைகளும் 7,800 தளங்களும் கொண்டு, பக்கத்துக்கு இருபது மைலாக நிலத்தடியில் தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொண்டு ஓடும் இயந்திரத்தை எந்தக் கடலில் எறிவது? இருபது மைல் என்றால், நம் பாலக்காட்டுக் கணவாயின் அகலம் ஏறத்தாழ அவ்வளவுதான். அந்த அகலத்தை இரும்பால் அடைத்து, அதே அளவு ஆழமும் தோண்டியதாக நினைத்துப் பாருங்கள்.

இதைச் சொல்லும்போது அந்த அளவைமானிகள் நினைவுக்கு வருகின்றன. மோர்பியஸின் ஆய்வுக்கூடச் சுவரில் வட்டவட்டமான மானிகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் முந்தையதைப் போலப் பத்து மடங்கு மின்சாரத்தைக் காட்டும் என்று அவரே விருந்தினருக்குப் பெருமையோடு விளக்குகிறார். அப்போது முதல் ஒன்றிரண்டுதான் மினுங்கும். இறுதியில், கதவுக்கு அப்பால் விலங்கு நிற்க, கிரெல் உலோகத்தால் ஆன பல அங்குலக் கதவு சிவந்து, வெளுத்து, உருகிக்கொண்டிருக்கும்போது, அவர் முதுகுக்குப் பின்னால் மானிகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்குகின்றன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கதவருகே நிற்பது தங்களின் இன்னொரு மனம்தான் என்று ஆடம்ஸ் அவரைப் பிடித்து உலுக்கிச் சொல்கிறார். குற்றவாளி நான்தான், என் தீய மனமே அந்தக் கதவருகே நிற்கிறது, அதைத் தடுக்க எனக்கு ஆற்றல் இல்லை என்று மோர்பியஸ் வாய்விட்டுச் சொல்லும் அந்தக் கணம்தான், ஐயா, புரோஸ்பெரோவின் அந்த அரை நொடி வரி. நாடகத்தில் பிறரை மன்னித்த பிறகு அது வருகிறது. படத்தில் மன்னிக்க ஒருவரும் இல்லாத இடத்தில் வருகிறது. பிறகு அவர் விலங்கை நோக்கி, உன்னை மறுக்கிறேன், உன்னைக் கைவிடுகிறேன் என்று கத்துகிறார். ஒப்புக்கொண்ட மறுநொடியே கைவிடுவது எப்படி முடியும் என்ற கேள்வி ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் என்னைப் பிடித்துக்கொள்கிறது. அவர் வீழ்ந்துவிடுகிறார். முப்பது ஆண்டுகளாக நாடகத்தைப் பாடம் நடத்திய தங்களிடமிருந்து, புரோஸ்பெரோ அந்த வரியை எந்தக் குரலில் சொல்லியிருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கட்டாயம் எழுதுங்கள், அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படம் காட்டுகிறோம். இதைக் காட்டலாமா?
– நூலகப் பொறுப்பாளர், வேலந்தாவளம்

காட்டுங்கள். முத்தப் பாடம் நடக்கும் அந்தச் சில நிமிடங்களைத் தாவிவிடலாம்; கதைக்கு ஒரு குறையும் வராது. படம் தொடங்குமுன் ஷேக்ஸ்பியர் பேச்சையே எடுக்க வேண்டாம். பறக்கும் தட்டு இறங்குவதையும், ராபியின் கண்ணாடித் தலைக்குள் விளக்குகள் ஓடுவதையும் பிள்ளைகள் பார்த்து மகிழட்டும். படம் முடிந்து தேநீர் கொடுக்கும்போது தீவின் கதையைச் சொல்லிவிட்டு, இதில் ராபி யார், விலங்கு யார் என்று மட்டும் கேளுங்கள். காலிபனின் நிலவுரிமைப் பேச்சையும் ஓசைத் தீவுப் பேச்சையும் தமிழாக்கி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, குரல் வளமுள்ள ஒரு பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

திரை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. ஒலிபெருக்கி மட்டும் நன்றாக இருக்கட்டும். மின்விசிறிகளைச் சற்று நேரம் நிறுத்திவிடுங்கள். ஏணிப்படி வளையும் காட்சியில் அந்த இரைச்சல் இருக்கக் கூடாது.